இழுத்தால் பளிச்சிடும் பிளாஸ்டிக்: உடையும் முன்பே சொல்லிவிடுமா?

கேஸ் அடுப்புக்குப் போகும் ஆரஞ்சு நிற ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மூன்றாம் ஆண்டிலேயே உள்ளுக்குள் நைந்துபோன குழாய் இருக்கலாம். ஏழாம் ஆண்டிலும் திடமாக நிற்கும் குழாயும் இருக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் குழாயைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்து மாற்ற வேண்டியிருக்கிறது.

இது அடுப்புக் குழாயோடு முடியும் சிக்கல் இல்லை. கேபிள் உறை, ஷூவின் அடிப்பாகம், கார் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசை, காற்றாலை இறக்கையில் இழைகளைக் கட்டியிருக்கும் பிசின் எல்லாமே பாலிமர்கள். எங்கே இழுபடுகிறது, எவ்வளவு இழுபடுகிறது என்பது விரிசல் விடும்வரை கண்ணுக்குத் தெரியாது. ‘இங்கே இழுக்குது’ என்று பொருளே சொல்லிவிட்டால் எப்படி இருக்கும்?

அப்படிச் சொல்லக்கூடிய ஒரு பொருளை ஜப்பானின் ஒகினாவா தீவில் உள்ள ஓயிஸ்ட் எனும் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர்கள் உருவாக்கினார்கள். புற ஊதா விளக்கின் கீழ் ஒளிரும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் அது. இழுத்தால் பிரகாசம் கூடும். விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். உள்ளே இருப்பது, மடங்கி விரியும் ஒரு செம்பு மூலக்கூறு.

கேட்க மேஜிக் மாதிரி இருக்கும். ஆனால் இதன் பின்னால் இருப்பது, வேதியியலாளர்கள் பல ஆண்டுகளாகத் திட்டிக்கொண்டிருந்த ஒரு குறை. அந்தக் குறையையே வேலைக்கு வைத்த கதை இது.

அணைவுச் சேர்மம்னா என்ன?

பிளஸ் டூ வேதியியலில் படித்த அதே ‘அணைவுச் சேர்மம்’தான். நடுவில் ஒரு உலோக அணு. அதைச் சுற்றி நைட்ரஜன், கார்பன் போன்ற அணுக்கள் கொண்ட மூலக்கூறுகள் அதைப் பிடித்திருக்கும். அவற்றுக்குப் பாடப்புத்தகத் தமிழில் ‘ஈனிகள்’ என்று பெயர். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இரும்பும், இலையின் பச்சையத்தில் மெக்னீசியமும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இத்தகைய சேர்மங்கள் சில, ஒளியை உறிஞ்சி வேறு நிறத்தில் திருப்பித் தரும். உள்ளே வந்த ஆற்றல் எலெக்ட்ரானை மேல் படிக்குத் தள்ளும். கீழே இறங்கும்போது அந்த ஆற்றல் ஒளியாக வெளியேறலாம். அல்லது மூலக்கூறு ஆடி அசைந்து, வெறும் வெப்பமாக வீணாகலாம். ஒளியா, வெப்பமா என்ற இந்தப் போட்டியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மீதிக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான்.

உங்கள் ஃபோனில் ஏற்கெனவே இருக்கு

ஓஎல்இடி திரை உள்ள ஃபோன் வைத்திருப்பவர்கள் தினமும் பார்ப்பது இந்த வகை ஒளியைத்தான். 1987-ல் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் கரிம மூலக்கூறுகளால் ஆன, ஓரளவு திறனுள்ள முதல் ஒளி உமிழ் டையோடை வெளியிட்டார்கள். 1990-ல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று பாலிமரையே ஒளிர வைத்தது. மின்சாரம் கடத்தும் பாலிமர்களைக் கண்டுபிடித்த மூவருக்கு 2000-ம் ஆண்டு வேதியியல் நோபல் கிடைத்தது.

ஆனால் ஒரு பெரிய தடை இருந்தது. மின்சாரம் பாய்ச்சும்போது உருவாகும் கிளர்வு நிலைகளில் நான்கில் ஒன்று மட்டுமே சாதாரணக் கரிம மூலக்கூறில் ஒளியாக மாறும். மீதி மூன்று, குவாண்டம் விதிகளால் அடைபட்ட இருண்ட நிலைகள். அதாவது 75 சதவீதம் ஆரம்பத்திலேயே நஷ்டம்.

இந்தப் பூட்டைத் திறந்தது கனமான உலோகம். 1998-ல் அமெரிக்காவில் ஸ்டீபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்ப்சன் ஆகியோரின் குழு பிளாட்டினம் சேர்மத்தைப் பயன்படுத்தி, அந்த இருண்ட நிலைகளையும் ஒளிர வைத்துக் காட்டியது. அடுத்த ஆண்டே இரிடியம் வந்தது. கனமான அணுவின் அருகில் எலெக்ட்ரானின் சுழற்சியும் இயக்கமும் பின்னிக்கொள்வதால், அந்தத் தடை தளர்கிறது. இன்று ஓஎல்இடி திரைகளின் சிவப்பு, பச்சை நிறங்களுக்குப் பெரும்பாலும் இரிடியம் சேர்மங்களே கைகொடுக்கின்றன. நீலத்தில் இவை சீக்கிரம் சோர்ந்துவிடுவதால், அங்கே பழைய முறையே பெரும்பாலும் தொடர்கிறது.

அப்புறம் என்ன பிரச்சினை?

இரிடியம் பூமியில் அரிது. பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறையில் சராசரியாக ஒரு மில்லிகிராம் தேறினாலே பெரிது. அதே ஒரு டன்னில் செம்பு ஏறக்குறைய 50, 60 கிராம் இருக்கும். உலகம் முழுக்க ஆண்டுக்கு எடுக்கப்படும் இரிடியம் ஏழெட்டு டன்தான். ஒரு லாரியில் ஏற்றிவிடலாம். அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து, பிளாட்டினம் சுரங்கங்களின் உபபொருளாக வருகிறது. இரிடியம் தேவை கூடியது என்பதற்காக மட்டும் யாரும் புதுச் சுரங்கம் தோண்ட மாட்டார்கள்.

விளைவு, விலையில் தெரிந்தது. 2020-ல் ஒரு அவுன்ஸ் சுமார் 1,500 டாலருக்கு விற்ற இரிடியம், 2021-ல் 6,000 டாலரைத் தாண்டியது.

இங்கே ஒரு விஷயத்தைப் பெரிதுபடுத்திவிடக் கூடாது. ஒரு ஃபோன் திரையில் இருக்கும் இரிடியம் மிகமிகக் கொஞ்சம். உலகத் தேவையில் திரைகளின் பங்கும் சிறியதே. பெரிய போட்டி வேறு பக்கம் இருந்து வருகிறது. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் ஒருவகை மின்பகுப்புக் கருவிகளுக்கும் இரிடியம் வேண்டும். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்ற இலக்கோடு இந்தியா 2023 ஜனவரியில் ஒரு தேசியத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மற்ற நாடுகளும் இதே பாதையில் இருக்கின்றன. ஒரு லாரி உலோகத்துக்கு இத்தனை பேர் கை நீட்டும்போது, மாற்று இருக்கும் இடங்களில் மாற்றைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

செம்பு இருக்கே, அதைப் போட வேண்டியதுதானே?

போட்டுப் பார்த்தார்கள். செம்பு ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 20 லட்சம் டன் வெட்டி எடுக்கப்படுகிறது. செம்புச் சேர்மங்கள் நன்றாக ஒளிரவும் செய்கின்றன. இரிடியம் அளவுக்குக் கனமான அணு இல்லை என்றாலும் அதற்கு வேறு வழி உண்டு: பல செம்புச் சேர்மங்களில் இருண்ட நிலைக்கும் ஒளிரும் நிலைக்கும் இடையிலான படி சின்னது. அறை வெப்பமே அதை ஏற்றிவிடும். இதே உத்தியை உலோகமே இல்லாத மூலக்கூறுகளில் செய்து காட்டி, 2012-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிஹாயா அடாச்சியின் குழு பெயர் பெற்றது.

செம்பின் சிக்கல் வேறு. அது ஒரு இடத்தில் சும்மா இருக்காது.

சாதாரண நிலையில் செம்பைச் சுற்றியுள்ள நான்கு கைகள் நான்முகி வடிவில், முக்காலியும் உச்சியும் போல நிற்கும். ஒளி பட்டுக் கிளர்ந்ததும் செம்பு தட்டையான வடிவத்தை விரும்பும். மூலக்கூறு உடனே மடங்கித் தட்டையாகப் பார்க்கும். அந்த அசைவிலேயே ஆற்றல் வெப்பமாகக் கரைந்துவிடும். ஒளியா, வெப்பமா போட்டியில் வெப்பம் ஜெயித்துவிடும்.

செம்பின் இந்த இளகிய குணம் புதிதல்ல. மூலக்கூறு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோக்க பிரான்ஸின் ழான்-பியர் சோவாஜ் 1983-ல் பிடித்துக்கொண்டதும் செம்பைத்தான். செம்பின் வடிவ விருப்பத்தை மாற்றி மாற்றி மூலக்கூறை நகர வைத்த பணிகளும் சேர்ந்து அவருக்கு 2016 நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தன. இயந்திரம் செய்ய வரம். விளக்கு செய்யச் சாபம்.

எனவே, ஒளிர்வு வேதியியலாளர்களின் வேலை ஒன்றாகவே இருந்தது: செம்பை அசையவிடாமல் இறுக்கிப் பிடி. சுற்றிலும் பருமனான தொகுதிகளை வைத்து நெருக்கு. இறுகிய படிகத்துக்குள் அடை. எப்படியாவது மடங்குவதைத் தடு.

ஒகினாவாவில் கேட்ட எதிர்க் கேள்வி

ஓயிஸ்ட்டின் யூலியா குஸ்னுதினோவா ஆய்வகம் இதைத் திருப்பிப் போட்டது. மடங்கினால் ஒளி குறைகிறது, இறுக்கினால் கூடுகிறது என்றால், ஒளியின் அளவைப் பார்த்தே எவ்வளவு இறுக்கம் என்று சொல்லிவிடலாமே?

அவர்கள் எடுத்துக்கொண்டது நைட்ரஜன் அணுக்கள் பதிந்த ஒரு வளைய மூலக்கூறு. அது செம்பைப் பிடித்திருக்கும். ஆனால் வளையம் ஒரே வடிவில் நிற்காது. மூட்டு தளர்ந்த மடக்கு நாற்காலி போல ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குப் புரண்டுகொண்டே இருக்கும். 2018-ல் வெளியான அவர்களது ஆய்வு இந்தத் தொடர்பை நேராகக் காட்டியது. வளையத்தில் பருமனான தொகுதிகளைப் பொருத்திப் புரளலைத் தடுத்தால் ஒளிர்வு கூடுகிறது. சின்னத் தொகுதிகளாக இருந்து தாராளமாகப் புரண்டால் ஒளிர்வு மங்குகிறது.

அதற்கு முந்தைய ஆண்டே கியோர்கி ஃபிலொனென்கோவும் குஸ்னுதினோவாவும் இந்தச் சேர்மத்தைப் பாலியூரித்தேன் சங்கிலிக்குள் பின்னியிருந்தார்கள். மெத்தை நுரையிலும் ஷூ அடிப்பாகத்திலும் இருக்கும் அதே பாலிமர் குடும்பம்தான். அந்தப் படலத்தை இழுத்தபோது ஒளிர்வு மாறியது. விட்டதும் திரும்பியது. 2020-ல் அதே ஆய்வகம், அக்ரிலேட் பாலிமர் சங்கிலிகளுக்கு இடையே செம்புச் சேர்மத்தையே குறுக்குப் பாலமாக வைத்து, இன்னும் லேசான இழுப்பையே உணரும் படலங்களைச் செய்தது.

இழுத்தால் ஏன் பிரகாசம் கூடுகிறது? தளர்வாக இருக்கும் பாலிமருக்குள் வளையம் தன் இஷ்டத்துக்குப் புரளலாம். இழுத்ததும் இருபுறச் சங்கிலியும் விறைக்கும். புரள இடம் குறையும். வெப்பமாகப் போயிருக்க வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு ஒளியாக வெளியே வரும். அவ்வளவுதான்.

கலந்தால் போதாது, கோக்க வேண்டும்

இதில் ‘கலப்பு’ என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். செம்புச் சேர்மப் பொடியை உருகிய பிளாஸ்டிக்கில் கொட்டிக் கிளறினால் அது ஒளிரும். ஆனால் இழுவிசை அதற்குச் சரியாகப் போய்ச் சேராது. தட்டில் உதிர்ந்து கிடக்கும் பூவுக்கும் மாலையில் கோத்த பூவுக்கும் உள்ள வித்தியாசம் இது. நாரை இழுத்தால் கோத்த பூ மட்டும்தான் உணரும்.

அதனால்தான் மூலக்கூறின் இருபுறமும் பாலிமர் சங்கிலியோடு வேதிப் பிணைப்பால் இணைக்கிறார்கள். இந்தக் கூட்டணியில் ஒருவருக்கு இல்லாதது இன்னொருவரிடம் இருக்கிறது. உலோகச் சேர்மம் தனியே நொறுங்கும் படிகம். ஒளி உண்டு, நீளாது. பாலிமர் நீளும், ஆனால் தன் நிலையை வெளியே காட்டாது. இன்னொரு லாபமும் உண்டு: கோத்திருப்பதால் சேர்மம் எளிதில் கசிந்து வெளியேறாது.

நிறம் மாறும் பிளாஸ்டிக் முன்பே இருக்கே?

இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நான்சி சாட்டோஸ், ஜெஃப்ரி மூர், ஸ்காட் வைட் ஆகியோரின் குழு, இழுத்தால் சிவக்கும் பாலிமரைச் செய்தது. அதில் ஸ்பைரோபைரன் என்ற மூலக்கூறு கோக்கப்பட்டிருந்தது. போதுமான விசை வந்ததும் அதன் ஒரு பிணைப்பு அறுந்து, நிறமற்ற மூலக்கூறு நிறமுள்ளதாக மாறும். அதற்கு முந்தைய ஆண்டு, ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் ஹாஜிமே இட்டோவின் குழு, குழவியில் வைத்து அரைத்தாலே நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறி ஒளிரும் தங்கச் சேர்மத்தைக் காட்டியிருந்தது.

செம்பு வேறுபடும் இடம் இதுதான்: இங்கே எந்தப் பிணைப்பும் அறுபட வேண்டியதில்லை. மூலக்கூறின் அசைவு மட்டும் மாறுகிறது. பிணைப்பை அறுக்கப் பெரிய விசை வேண்டும். ஒரு வளையத்தின் புரளலைக் கட்டுப்படுத்த லேசான இழுப்பே போதும். மாற்றமும் உடனே தெரியும், உடனே திரும்பும்.

ஆனால் உடனே திரும்புவது எல்லா நேரமும் நல்லதல்ல. இரண்டு கேள்விகள் வேறு வேறு. ‘இப்போது எவ்வளவு இழுபடுகிறது?’ என்பது ஒன்று. ‘என்றைக்காவது அளவுக்கு மேல் இழுபட்டதா?’ என்பது இன்னொன்று. செம்புப் படலம் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும், தெர்மாமீட்டர் மாதிரி. நேற்று இரவு அதிகச் சுமை ஏறி இறங்கியிருந்தால், காலையில் பார்ப்பவருக்குத் தடயம் இருக்காது. பிணைப்பு அறுந்து நிறம் மாறும் வகை, தழும்பு மாதிரி கொஞ்ச நேரமாவது தங்கும். ஸ்பைரோபைரன் தழும்புகூட வெளிச்சம் பட்டால் மெல்ல மறையும். எனவே ஒன்று இன்னொன்றுக்கு மாற்று என்று சொல்லிவிட முடியாது.

சரி, வீட்டுக் குழாய்க்கு எப்ப வரும்?

இப்போதைக்கு வராது. அதற்கான காரணங்களைத் தெரிந்துகொண்டால், இனி இந்தத் துறையில் வரும் ஒவ்வொரு ‘அற்புதப் பிளாஸ்டிக்’ செய்தியையும் எடைபோட உதவும்.

முதல் காரணம், காற்று. செம்புக் குடத்தில் களிம்பு ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒளிரும் சேர்மத்தில் இருப்பது ஒரு எலெக்ட்ரானை எளிதில் இழக்கும் செம்பு. ஆக்ஸிஜன் அதைப் பறித்துக்கொண்டால் ஒளிர்வு போய்விடும். அது போதாதென்று, கிளர்ந்த நிலையிலிருக்கும் மூலக்கூறிடமிருந்து ஆற்றலைத் திருடி, ஒளியை மங்கச் செய்யும் வேலையையும் ஆக்ஸிஜன் செய்யும். பாலிமர் ஓரளவு காக்கும்; ஆண்டுக்கணக்கில் காக்குமா என்பதே கேள்வி.

இரண்டாவது, வெப்பம். சூடு ஏறினால் மூலக்கூறுகள் அதிகம் புரளும், ஒளி மங்கும். மே மாத மதிய வெயிலில் ஒளி குறைந்தால், இழுவிசை குறைந்ததா, வெயில் ஏறியதா என்று எப்படிப் பிரிப்பது? கூடவே, இழுக்கும்போது படலம் மெலிவதும் ஒளியின் அளவை மாற்றும். பிரகாசத்தை மட்டும் நம்பும் எந்தக் கருவியும் இந்தக் குழப்பத்தைத் தாண்டியாக வேண்டும். ஒளி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளப்பது, ஒப்பிடுவதற்கு இன்னொரு நிறத்தைச் சேர்ப்பது போன்ற வழிகள் உண்டு. ஆனால் அப்போது வெறும் கண்ணால் பார்த்தால் போதும் என்ற எளிமை போய்விடும்.

மூன்றாவது, வெளிச்சம். படலம் தானாக ஒளிராது. புற ஊதா விளக்கு வேண்டும். அதே புற ஊதா ஒளிதான் பிளாஸ்டிக்கைக் காலப்போக்கில் நொறுங்கவும் வைக்கிறது. கரித்தூள் சேர்த்த கறுப்பு டயர், நிறமி கலந்த அடுப்புக் குழாய் போன்றவற்றில் ஒளி உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

நான்காவது, பணம். செம்பு மலிவு, அதைப் பிடித்திருக்கும் வளைய மூலக்கூறு மலிவல்ல. ஆய்வகத்தில் கிராம் கணக்கில் பல படிகளில் செய்வதைத் தொழிற்சாலையில் டன் கணக்கில் செய்வது தனி வித்தை.

அப்போ இதனால் யாருக்கு லாபம்?

முதலில் லாபம் பொருள்களை வடிவமைப்பவர்களுக்கு. ஒரு புதிய பசையோ, ஒளிபுகும் படலமோ, செயற்கை ரப்பரோ செய்யும்போது எந்த மூலையில் விசை குவிகிறது என்று இன்று பெரும்பாலும் கம்ப்யூட்டர் மாதிரிகளை வைத்துக் கணிக்கிறார்கள். பிறகு மாதிரித் துண்டுகளை உடைத்துப் பார்த்துச் சரிபார்க்கிறார்கள். உடைந்த பிறகு கிடைப்பது ஒரே ஒரு தகவல்: இங்கே உடைந்தது. ஒளிரும் படலத்தைக் கேமராவில் படம் பிடித்தால், உடைவதற்கு முன்பே இழுவிசை எப்படிப் பரவி, எங்கே குவிகிறது என்ற வரைபடம் கிடைக்கும். ஆய்வகத்தில் வெப்பம், வெளிச்சம் இரண்டையும் கட்டுக்குள் வைக்க முடியும் என்பதால், மேலே சொன்ன தடைகளில் பாதி அங்கே இல்லை.

இப்படி வடிவமைக்கப்பட்ட குழாயோ பசையோதான் முதலில் வீட்டுக்கு வரும். அதில் செம்பு இருக்காது, ஒளியும் இருக்காது. பலவீனமான மூலை எது என்று தெரிந்து செய்த பொருளாக மட்டும் இருக்கும்.

இந்த ஆய்வின் பெரிய பாடமும் அங்கேதான் இருக்கிறது. திரை செய்பவர்கள் செம்பின் மடங்கலை ஒழிக்கப் பார்த்தார்கள். அந்த முயற்சி இன்றும் தொடர்கிறது, தொடரவும் வேண்டும். ஏனென்றால் ஏழெட்டு டன் இரிடியத்தை நம்பி உலகம் எப்போதும் ஓட முடியாது. ஒகினாவாக் குழு அதே மடங்கலை ஒழிக்காமல் அளந்தது. ஒரே மூலக்கூறு, ஒருவர் கணக்கில் நஷ்டம், இன்னொருவர் கணக்கில் அளவுகோல்.

அடுத்த முறை ‘உடையும் முன் எச்சரிக்கும் பிளாஸ்டிக்’ என்று ஒரு தலைப்பு ஃபோனில் வந்தால் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். திறந்த காற்றில் எத்தனை நாள் தாங்கியது? வெப்பம் மாறும்போதும் சரியாகச் சொன்னதா? பழைய சுமையை நினைவில் வைத்திருக்குமா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வரும் நாளில், காலண்டரைப் பார்க்காமல் பொருளைப் பார்த்தே மாற்றலாம்.